நீங்கள் சொன்னதால் என்ன மாறியது? – உழவர் கேள்வி பதில்

விவசாயத்துக்கான செயலியோ கருவியோ எதுவானாலும் விவசாயியோடு உட்கார்ந்துதான் செய்ய வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதியிருந்தேன். நாலே வரிதான். அதற்கு மேலூரிலிருந்து பேரையூர் வரைக்கும் கடிதங்கள் வந்துவிட்டன, அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. பேர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யாருடைய பேரையும் போடவில்லை. சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

பொறியியல் கடைசி வருஷம் படிக்கிறேன். மல்லிகையில் விழும் பூச்சியைப் படம் எடுத்தால் என்ன பூச்சி, என்ன மருந்து என்று சொல்லும் செயலியை நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்கிறோம். விவசாயிகளிடம் கருத்துக் கேட்டு வரச் சொல்கிறார் பேராசிரியர். எத்தனை பேரிடம் சர்வே எடுத்தால் போதும்?
– மாணவர், திருப்பரங்குன்றம்

எண்ணிக்கையை அப்புறம் பார்ப்போம் தம்பி. முதலில் அந்தக் கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, ஒரு வாரம் விடியற்காலை நாலு மணிக்கு ஏதாவது ஒரு மல்லிகைத் தோட்டத்தில் போய் நில்லுங்கள். மொக்கு விரியும் முன்னால் பறித்தாக வேண்டும், வெயில் ஏறுவதற்குள் மாட்டுத்தாவணிக்கோ நிலக்கோட்டைக்கோ போய்ச் சேர வேண்டும் என்பதால் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு பறிக்கிறார்கள். இரண்டு கையும் செடியில், மடியில் பூ, விரலெல்லாம் பனி ஈரம். அந்த நேரத்தில் யார் ஃபோனை எடுத்து, திறந்து, மொக்குக்குப் பக்கத்தில் ஆடாமல் பிடித்துப் படம் எடுப்பார்கள்?

இன்னொன்றையும் அங்கே கவனிப்பீர்கள். பறிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், மருந்து அடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் தோட்டக்காரர். மொக்கு சிவந்து கிடப்பதை முதலில் பார்ப்பது பறிக்கும் அம்மா. “மேலக்கடைசியில ரெண்டு வரிசை சிவந்து கெடக்கு” என்று அவர் சொல்லும் அந்த ஒரு வாக்கியம்தான் இன்றைக்கு அந்தத் தோட்டத்தின் பூச்சி எச்சரிக்கை. உங்கள் செயலியில் அவருக்கு இடம் இருக்கிறதா? ஃபோன் வைத்திருக்கும் தோட்டக்காரருக்கு மட்டும் செய்தால், கண்ணால் பார்த்தவரை விட்டுவிட்டு, கேட்டுத் தெரிந்துகொண்டவரிடம் போய்ப் படம் கேட்பதாக ஆகிவிடும்.

படத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மொட்டுப் புழு மொக்கைத் துளைத்து உள்ளே இருக்கும், மொக்குகளை நூல் இழுத்துச் சேர்த்தும் வைத்திருக்கும். மொட்டு ஈயின் புழு உள்ளே இருந்தால் மொக்கின் அடி வீங்கும், நிறம் மாறும், காயும். சிவப்புச் சிலந்தி இலைக்கு அடியில் இருக்கும். மேலிருந்து எடுத்த ஒரு படத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூட சரியாகத் தெரியாமல் போகலாம். மொக்கைப் பிரித்துப் பார், இலையைத் திருப்பிப் பார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். உங்கள் செயலிக்கு அதை அவர்தான் சொல்லிக்கொடுக்க முடியும்.

சர்வே ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், வீடு தேடி வந்த படிக்கிற பிள்ளையின் மனசு நோகப் பேசுவது நம் ஊரில் வழக்கமில்லை. “இந்தச் செயலி உங்களுக்குப் பயன்படுமா?” என்று கேட்டால் காப்பியும் கொடுத்து “நல்லாருக்கு தம்பி, செய்யுங்க” என்பார்கள். நூறு பேரிடம் கேட்டாலும் நூறு பேரும் அதைத்தான் சொல்வார்கள், நீங்களும் அதை நம்பி வருவீர்கள். அதற்குப் பதிலாக மூன்று நாலு குடும்பங்களோடு ஒரு பட்டம், அதாவது ஒரு சாகுபடிப் பருவம், முழுக்க இருங்கள். கார்த்திகையில் கவாத்து வெட்டுவதில் தொடங்கி பங்குனியில் பூ எடுக்கும் வரைக்கும். அரைகுறையாகச் செய்ததை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்காமல் பக்கத்தில் சும்மா நில்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்கள், எதைத் தொடாமல் விடுகிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும், அவர்கள் செய்ததாலோ சொன்னதாலோ எங்கள் செயலியில் என்ன மாறியது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்தும் அந்த நோட்டு காலியாக இருந்தால் நீங்கள் அவர்களோடு சேர்ந்து செய்யவில்லை என்று அர்த்தம். சித்திரையில் உங்கள் படிப்பு முடிந்துவிடும் என்பதையும் முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்து.

எங்கள் மகளிர் குழுவுக்கு ஒரு கம்பெனியிலிருந்து வந்தார்கள். மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பதில் சொன்னோம். பேர், ஃபோன் நம்பர், பட்டா நம்பர், எவ்வளவு கடன் என்பது வரை கேட்டுக்கொண்டு போனார்கள். அப்புறம் ஆளே வரவில்லை. இப்போது வேறு ஒரு குழு வரப்போவதாகச் சொல்கிறார்கள். இந்த முறை நாங்கள் என்ன செய்யலாம்?
– வாசகி, உசிலம்பட்டி பக்கம்

அம்மா, உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் வந்துவிட்டுப் போனவர்களின் பக்கம் இருந்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் விவசாய வரவு செலவு எழுதும் செயலி ஒன்றைச் சோதிக்க ஒரு நிறுவனத்தாரோடு நானும் ஊர் ஊராகப் போனேன். அதில் கூலி என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. ஒரு அம்மா கேட்டார்: “இன்னைக்கு அவ காட்டுல நான் களை எடுத்தேன், நாளைக்கு என் காட்டுக்கு அவ வருவா, காசு கிடையாது, இதை எதுல போட?” கமிஷன் கடையில் வாங்கின முன்பணத்தைப் பூ விற்ற காசில் பிடித்துக்கொள்வார்களே, அதை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா என்றும் கேட்டார். நிறுவனத்தார் “அதையெல்லாம் விட்டுடுங்க, மத்ததைப் போடுங்க” என்றார்கள், நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டையும் விட்டுவிட்டால் அவருடைய கணக்கில் மிச்சம் என்ன இருக்கிறது? பொய்யான லாபம்தான் இருக்கும். அவர் அடுத்த வாரமே எழுதுவதை நிறுத்திவிட்டார். அறிக்கையில் “படிப்பறிவுக் குறைவால் பயன்பாடு குறைந்தது” என்று எழுதினார்கள். அதற்கு எதிராக நான் அன்றைக்கே பேசியிருக்க வேண்டும். இன்றுவரை எனக்கு அது உறுத்தல்.

சரி, இந்த முறை வருகிறவர்களிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, “இதற்கு முன் எந்த ஊரில் செய்தீர்கள், அங்கே அவர்கள் சொல்லி எதை மாற்றினீர்கள்?” என்பதை. பதில் உடனே வந்தால், அதுவும் வயல், மடை, களை, கூலி என்று குறிப்பாக வந்தால் உட்காரச் சொல்லுங்கள். சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்கே புரிந்துவிடும்.

அடுத்தது உங்கள் நாள். வந்தவர்களுக்கு அன்றைக்குச் சம்பளம் உண்டு, உங்களுக்கு மட்டும் களையெடுப்புக் கூலி போய்விடும், அது எந்த வகையில் நியாயம்? ஒரு நாள் உட்காரச் சொன்னால் ஒரு நாள் கூலி கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். உங்கள் அறிவையும் நேரத்தையும் வைத்துத்தான் அவர்கள் பொருள் செய்கிறார்கள்.

மூன்றாவதாக, பட்டா நம்பரும் கடனும் எதற்கு என்று கேளுங்கள். பூச்சியைப் பற்றிய செயலிக்குக் கடன் விவரம் தேவைப்படாது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, அதன் பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. என்ன விவரம், எதற்காக என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், அந்த அறிவிப்பைத் தமிழில் கேட்கலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம் என்கிறது சட்டம். சட்டப் பிரிவைச் சொல்லிச் சண்டை போட வேண்டியதில்லை, “தமிழில் எழுதிக் கொடுங்கள், படித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறோம்” என்றாலே போதும்.

அப்புறம் ஃபோன் யார் பேரில் இருக்கிறது, பட்டா யார் பேரில் இருக்கிறது என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பட்டா மாமனார் பேரிலும் ஃபோன் மகன் கையிலும் இருக்கிற வீட்டில், வயலில் நிற்கிற உங்களுக்கு அந்தச் செய்தி எப்படி வந்து சேரும் என்று அவர்கள் யோசித்தார்களா? குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு பிரிக்கிற வாரத்துக்கும் உழுபவர்கள் உங்கள் குழுவில் இருந்தால், பட்டா நம்பர் இல்லாமல் உள்ளேயே நுழைய முடியாத செயலி அவர்களுக்கு எதற்கும் ஆகாது. இதை நீங்கள் சொன்ன பிறகும் அவர்கள் மாற்றவில்லை என்றால், அதுதான் உங்களுக்கான பதில்.

2001 வாக்கில் எங்கள் மேலூர் பக்கம் கிராமத்துக்குக் கிராமம் கம்ப்யூட்டர் மையம் வைத்தார்கள். பெரிதாகப் பேசினார்கள். கொஞ்ச வருஷத்தில் ஒவ்வொன்றாக மூடினார்கள். இப்போது ஏஐ என்கிறார்கள். இதுவும் அப்படித்தானே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மேலூர்

ஐயா, அதை ஞாபகம் வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், அதனால் உங்கள் கடிதத்துக்கு நன்றி. அந்தத் திட்டத்துக்கு ‘சாரி’ என்று பேர். சென்னை ஐஐடி, அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு எல்லாம் சேர்ந்து மேலூர் வட்டத்தில் தொடங்கினார்கள். சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் இணையம் வந்தது. உள்ளூர்க்காரர்களே மையங்களை நடத்தினார்கள். செல்ஃபோன் கிராமத்துக்குள் வராத காலத்தில் வெண்டைச் செடியின் நோயைப் படம் எடுத்து மதுரை வேளாண் கல்லூரிக்கு அனுப்பிப் பதில் வாங்கினார்கள். கண் படத்தை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டார்கள். சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கு நடக்கிற நடை மிச்சமானது. இன்றைக்குப் புதுசு என்று சொல்கிற பாதி விஷயம் அன்றே மேலூரில் நடந்திருக்கிறது.

ஏன் மூடினார்கள் என்பதை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மையத்தின் வருமானம் அதன் செலவுக்குக் கட்டவில்லை. ஆர்வமாக இருந்த அதிகாரிகள் மாறிப் போனதும் தாலுகா சேவைகள் சுணங்கின, மக்கள் அதிகம் கேட்டது அதைத்தான். இயந்திரம் பழுதானால் சரிசெய்வதும் சிரமமாக இருந்தது. எனக்குப் படுகிற பாடம் என்னவென்றால், அங்கே தொழில்நுட்பமும் வேலை செய்தது, மக்களுக்கும் தேவை இருந்தது. ஆனால் ஓர் அதிகாரி மாறினாலும் இது நடக்கும் என்ற ஏற்பாடும், பணத்துக்கு நிலையான வழியும் இல்லை. ஏஐ வந்தாலும் இந்த இரண்டு கேள்வியும் அப்படியேதான் நிற்கின்றன.

அதற்குக் கொஞ்சம் முன்னால், 1998இல், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. என்ன தகவல் வேண்டும் என்று ஊரிடம் கேட்டுத் தொடங்கினார்கள். வீராம்பட்டினத்தில் மீனவர்களுக்குத் தேவைப்பட்டது அலை உயரம். அதை இணையத்திலிருந்து எடுத்து, கடற்கரையில் ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். அங்கே ஆளுக்கொரு கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை, குழாய் ஸ்பீக்கர் போதுமானதாக இருந்தது. எந்தத் தகவல், எந்த வடிவத்தில் என்று ஊர் சொன்னதால் கருவியே மாறிப்போன கதை அது. ஏஐயோடு வருபவர்களிடம் நீங்கள் இந்தக் கதையைச் சொல்லுங்கள் ஐயா, நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

அரசின் உழவன் செயலி இருக்கும்போது இன்னும் எதற்குப் புதிது புதிதாக?
– வாசகர், வாடிப்பட்டி

2018இல் வந்த அந்தச் செயலியில் மானியம், இடுபொருள் இருப்பு, இயந்திர வாடகை, சந்தை விலை, வானிலை எல்லாம் இருக்கின்றன, பயன்படுத்துங்கள். அதில் கிடைப்பதையே திரும்பச் செய்பவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டாம். எல்லா ஊருக்கும் பொதுவாகச் செய்ததில் உங்கள் மடையின் முறைத்தண்ணீரோ உங்கள் மொக்கின் நிறமோ இருக்காது, அந்த இடத்துக்கு மட்டும்தான் புதுசு தேவை.

ஏஐயிடம் தமிழில் பேசினால் பதில் சொல்கிறது என்று என் மகன் ஒரு செயலி போட்டுக் கொடுத்தான். கம்மாய் என்றால் கம்மி என்று எழுதுகிறது. மக்காச்சோளத்துக் குருத்தில் புழு என்றால் ஏதோ கட்டுரை படிப்பதுபோல் பத்து வரி சொல்கிறது. இதை நம்பலாமா?
– விவசாயி, தே. கல்லுப்பட்டி

அண்ணே, கம்மாய் என்று சொன்னால் புரியாதது உங்கள் குறையல்ல. இந்த மென்பொருள்களுக்குக் காது பழகியது பெரும்பாலும் செய்தி வாசிப்பும் எழுத்துத் தமிழைப் படித்துக் காட்டிய குரலும்தான். கரிசல் காட்டில் நின்று காற்றில் பேசுகிற குரல் அதற்குள் போதுமான அளவு போகவில்லை. வெள்ளாமை, உழவு மழை, செவக்காடு, பட்டம் தப்பிப் போச்சு என்பதெல்லாம் நமக்கு அன்றாடப் பேச்சு, அதற்கு வேற்று மொழி மாதிரி.

சொல்லைவிடப் பெரிய சிக்கல் கேள்வி கேட்கும் விதத்தில் இருக்கிறது. நீங்கள் என்னிடம் கேட்டால் எப்படிக் கேட்பீர்கள்? “போட்டு இருபது நாளாச்சு, குருத்துல மரத்தூள் மாதிரி கெடக்கு, நேத்து லேசா தூறல், இப்ப மருந்தடிக்கலாமா?” பயிரின் வயசு, அறிகுறி, மழை, எடுக்க வேண்டிய முடிவு என்று நாலு விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். நல்ல செயலி என்றால் இதற்கு உடனே பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்க வேண்டும். “இருபது செடியைப் பார்த்தால் எத்தனையில் இருக்கிறது? புழுவின் தலையில் தலைகீழ் ஒய் மாதிரி கோடு இருக்கிறதா? வால் பக்கம் நாலு புள்ளி சதுரமாக இருக்கிறதா?” இருந்தால் அது 2018இல் நம் நாட்டுக்குள் வந்த அமெரிக்கப் படைப்புழு. குருத்துக்குள் போய்விட்ட புழுவுக்கு இலை மேல் தெளித்துப் பயனில்லை, குருத்துக்குள் மருந்து இறங்க வேண்டும். உங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் உங்களிடம் இப்படித்தானே பேசுவார்? அந்தப் பேச்சைத்தான் செயலி கற்றுக்கொள்ள வேண்டும், அதை ஒரு அறையில் உட்கார்ந்து யாராலும் எழுதிவிட முடியாது.

உங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் ஒரு பட்டம் முழுக்க உரக்கடை வாசலிலும் டீக்கடையிலும் கேட்கிற கேள்விகளை, கேட்டவர் சம்மதத்தோடு, அப்படியே அவர் வாய்மொழியில் பதிவு செய்தால் அது பெரிய சொத்து. அதை யாருக்கும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடாமல் ஊர் பேரில் அல்லது உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பேரில் வைத்துக்கொண்டு, பயன்படுத்த வருபவரோடு நிபந்தனை பேசுங்கள்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். மருந்தின் பேர், அளவு இந்த இரண்டுக்கும் எந்த ஏஐயையும் தனியாக நம்பாதீர்கள். லிட்டருக்கு ஒன்று என்பதும் பத்து என்பதும் அதற்கு வெறும் எண். உங்களுக்கு அது பயிர், உங்கள் நுரையீரலும்கூட. 1800-180-1551 கிசான் கால் சென்டருக்குக் கூப்பிட்டால் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை தமிழிலேயே ஆள் பேசுவார், காசு கிடையாது. வட்டார வேளாண் அலுவலரையும் கேளுங்கள். ஏஐ சொன்னதை அவரிடம் காட்டி “இது சரியா?” என்று கேட்பது நல்ல பழக்கம்.

இங்கே டிஜிட்டல் கிரீன் என்ற அமைப்பின் அனுபவம் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 2006 வாக்கில் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் தொடங்கிய வேலை அது. விஞ்ஞானி பேசுகிற படத்துக்குப் பதில், அந்தந்தப் பகுதி விவசாயியே செய்துகாட்டுகிற சின்னச் சின்ன வீடியோக்களை எடுத்து ஊரில் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் முதலில் கேட்டது, “இவர் யார், எந்த ஊர்?” என்று. நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள். ஏஐ பதிலில் அந்த “எந்த ஊர்” இல்லை. “இதை உங்கள் ஒன்றியத்தில் இத்தனை பேர் போன பட்டத்தில் செய்தார்கள், இப்படி ஆனது” என்று அது சொல்லும் நாள் வந்தால் பேச்சே வேறு, அதற்கு முதலில் அந்த விவரம் உங்களிடமிருந்து போக வேண்டும்.

எங்கள் உழவர் குழுவுக்கு மண் ஈரம் காட்டும் கருவி விற்க வருகிறார்கள். ஃபோனிலேயே தெரியுமாம். வாங்கலாமா?
– குழுத் தலைவர், திருமங்கலம்

ஒன்றை மட்டும் இரவல் வாங்கி, கோடையில் உங்கள் கரிசலில் ஒரு மாதம் புதைத்து வையுங்கள். கரிசல் காய்ந்தால் விரல் போகும் அளவுக்கு வெடிக்கும், வெடிப்பு கருவியின் பக்கத்தில் வந்துவிட்டால் மண்ணுக்குப் பதில் காற்றைத்தான் அது அளக்கும், ஈரம் இருந்தாலும் இல்லை என்று காட்டும். செம்மண்ணில் சோதித்துவிட்டு இங்கே விற்க வருபவர்களுக்கு இது தெரியாமலே இருக்கலாம். நீங்கள் சொல்லுங்கள், சரிசெய்து கொண்டுவருகிறார்களா என்று பாருங்கள்.

மோட்டாரை ஃபோனில் போடுகிற மொபைல் ஸ்டார்ட்டரை யோசித்துப் பாருங்கள். அதற்கு யாரும் பயிற்சி முகாம் நடத்தி விவசாயிகளைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கவில்லை. மும்முனை கரண்ட் நடுராத்திரி வரும், பாம்பு கிடக்கிற வரப்பில் டார்ச் அடித்துக்கொண்டு போய்ப் போட வேண்டும். வீட்டிலிருந்தே ஒரு அழைப்பில் மோட்டார் ஓடினால் யார் வேண்டாம் என்பார்கள்? கரண்ட் வந்துவிட்டதா என்றும் சொல்லும். பழுதானால் பக்கத்து டவுனிலேயே சரிசெய்ய ஆள் கிடைக்கிறார். விற்க வருபவரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: பேட்டரி போனால் யார் மாற்றுவார், எவ்வளவு, உங்கள் கம்பெனி இல்லாமல் போனால் அந்த விவரமெல்லாம் எங்கே போகும்?

நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால், ஒரு முப்பது சென்டிமீட்டர் பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளை போட்டு வயலில் இறக்கி வைத்தாலே போதும். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர் கீழே போனதும் பாய்ச்சலாம், பூக்கிற சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. யூரியா எப்போது போடுவது என்று பார்க்க, இலையின் பச்சையை எண் போட்ட பச்சைப் பட்டைகளோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டை இருக்கிறது. அந்த அட்டையில் எனக்குப் பிடித்த விஷயம், வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்று எல்லையைப் பிரித்து வைத்திருப்பது. ரகத்துக்கு ரகம் பச்சை வேறு என்பது விவசாயி கண்ணுக்கு எப்போதும் தெரிந்ததுதான், அட்டை அதற்குத் தன்னைப் பொருத்திக்கொண்டது. காலை எட்டிலிருந்து பத்துக்குள், உங்கள் நிழல் இலையில் விழும்படி நின்று பாருங்கள். இவற்றை ஒரு பட்டம் செய்து பார்த்தபின், எது போதவில்லை என்று எழுதி வைத்துக்கொண்டு கருவிக்காரரைக் கூப்பிடுங்கள்.

என் அப்பா எங்கள் கம்மாயில் நீர்க்கட்டி. கையெழுத்து மட்டும் போடுவார். நான் மதுரையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கம்மாயில் நீர்மட்டம் அளக்கும் சென்சார் வைத்து, எல்லோர் ஃபோனுக்கும் அனுப்பலாம் என்று நினைக்கிறேன். அப்பா “வேணாம்” என்கிறார், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?
– வாசகர், கொட்டாம்பட்டி பக்கம்

தம்பி, உங்கள் அப்பாவுக்குப் புரியாமல் வேண்டாம் என்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

நீர்க்கட்டியின் வேலையை வெளியிலிருந்து பார்த்தால் மடையைத் திறந்து மூடுவது மாதிரித் தெரியும். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், கடைமடைக்காரனுக்கு எப்போது, பங்காளிச் சண்டை நடக்கிற இரண்டு வயலுக்கு நடுவில் எப்படி, கம்மாய் பாதியாக இருக்கிற வருஷத்தில் யார் நாற்றை விட்டுக்கொடுப்பது என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. அறுப்பு முடிந்து நெல்லாக அவருக்குக் கூலி அளப்பது அதற்குத்தான். தண்ணீர் இன்னும் பதினெட்டு நாளைக்குத்தான் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஆனால் அதை அவர் ஊரில் எல்லோரிடமும் ஒரே நாளில் சொல்லமாட்டார். சொன்னால் அன்று இரவே தலைமடைக்காரர்கள் தண்ணீரை அடைத்துக்கொள்வார்கள், கடைமடைப் பயிர் காயும். முதலில் யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, கூட்டம் போட்டுச் சொல்வதா என்பதை அவர் யோசித்து வைத்திருப்பார். உங்கள் சென்சார் அந்த எண்ணை ஒரே நொடியில் எல்லோர் ஃபோனுக்கும் அனுப்பினால் கைகலப்புவரை போகலாம். அவர் காரணம் சொல்லாததற்கும் காரணம் இருக்கும், ஊர்ச் சண்டையை மகனிடம் எப்படி விளக்குவது என்று.

இதனால் சென்சாரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவில் மழை கொட்டி வரத்துக் கால்வாய் பெருகும்போது, கம்மாய் நிரம்பி வழியும் கலிங்கலில் தண்ணீர் போகிறதா என்று பார்க்க இந்த வயசில் அவர் இருட்டில் கரைமேல் நடக்கிறாரே, அதற்கு அது உதவாதா? அவர் ஃபோனுக்கு மட்டும் மணி அடிக்கும்படி தொடங்கலாமே. அளவைக்கூட சென்டிமீட்டரில் காட்டாதீர்கள். மடைக்கல்லில் எத்தனையாவது படி என்று அவர் சொல்வார், அந்தப் படியிலேயே காட்டுங்கள். எத்தனை படிக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பது உங்கள் கம்மாயின் வண்டல், அதில் பாயும் வயல்களான ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்த கணக்கு, அது அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. சங்கத்தாரோடு உட்கார்ந்து யாருக்கு எது தெரிய வேண்டும் என்று பேசுகிற நாள் வரும்போது, கூட்டத்தில் முதலில் அவர் பேசட்டும்.

ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அடுத்த சனி ஞாயிறு லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு, அவர் மடைக்குப் போகும்போது கூடவே போங்கள். அவர் சம்மதித்தால் ஃபோனில் குரலை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள், கேள்வி அதிகம் கேட்க வேண்டாம். எந்த இடத்தில் அவர் நின்று பார்க்கிறார், எங்கே காலால் மண்ணை மிதித்துப் பார்க்கிறார், யார் வயலைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்துகிறார் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். சென்சாரை எங்கே நடுவது என்று அதற்கப்புறம் பேசுவோம்.